வென்ட் என்று எழுதாதவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் போன் போட்டு, "நான் எப்படி நடப்பேன்னு எழுதாம பேரை மட்டும் எழுதி என்ன மேடம் பிரயோஜனம்?" என்று கேட்பார். அதனால் நடையிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். கொஞ்சம் பருமனான உடம்பு. வலது தோளில் எப்போதும் ஒரு கனத்த துணிப்பை, அதைச் சமாளிக்க இடது பக்கம் சாய்ந்த நடை. பத்தடிக்கு ஒரு தரம் நின்றுவிடுவார். மூச்சு வாங்க அல்ல, எதிரில் நடந்து வருகிற யாரையாவது பார்ப்பதற்கு.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் என் அலுவலகம். இருபது வருடமாகக் கிரிமினல் வக்கீல். இங்கே சாட்சிகள் தமிழில் சொல்வார்கள், தமிழிலேயே பதிவாகும். தண்டனை ஆகி அப்பீல் என்று சென்னைக்குப் போகும்போது அத்தனையும் ஆங்கிலத்தில் வேண்டும். அந்த மொழிபெயர்ப்புக்காக ஏழு வருடம் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனவர் அவர். என் குமாஸ்தா அவரை டிரான்ஸ்லேஷன் மேடம் என்பார். எனக்கும் அதுவே பழகிவிட்டது.

முதல் நாள் ஒரு திருட்டு வழக்கின் சாட்சியத்தைக் கொடுத்தேன். பன்னிரண்டு பக்கம், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று கணக்கு. பதினோரு மணிக்கு என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"மேடம், இந்தாளு கடையை விட்டு வெளிய போனான்னு இருக்கு. எப்படிப் போனான்?"

"எப்படின்னா? காலாலதான். வென்ட்னு போடுங்க."

"வென்ட்னு போட்டா எனக்கு ஆளு தெரிய மாட்டேங்குது மேடம். ஓடினானா, நழுவினானா, தள்ளாடிகிட்டுப் போனானா?"

"சாட்சி அதெல்லாம் சொல்லலியேம்மா."

"சொல்லுறாரு. மூணு பக்கம் தள்ளி. செருப்பைக் கையில எடுத்துகிட்டுன்னு வருது பாருங்க."

சொல்லிவிட்டு, தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு கட்சிக்காரர்களுக்கு நடுவே நுனிக்காலில் அறையின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பினார். "டிப்டோ" என்றார். கட்சிக்காரர்களில் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார், ஏதோ சடங்கு என்று நினைத்திருப்பார் போல.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. என் ஆங்கிலத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கான்வென்டில் படித்தவள். இவரோ புவனகிரி அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், பட்டம் தபால் வழியில். ஆனால் 'போவது' என்பதற்கு ஆங்கிலத்தில் எனக்கு நாலு வார்த்தை தெரிந்தால் இவருக்கு நாற்பது தெரிந்திருந்தது. நான் புத்தகத்தில் பார்த்ததையெல்லாம் இவர் பஸ் ஸ்டாண்டில் பார்த்து வைத்திருந்தார்.

அதை நான் தெரிந்துகொண்டது பஸ்ஸில்தான். வாரத்தில் ஒரு நாள் எனக்குச் சிதம்பரம் கோர்ட்டில் வேலை இருக்கும், முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டு அவரோடு பஸ்ஸில் போய்விடுவேன். ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்குகிறவர்களையும் ஏறுகிறவர்களையும் பார்த்துக்கொண்டே வருவார். மடியில் ஒரு நீள நோட்டு. அதில் பக்கத்துக்கு ஓர் ஆங்கில வார்த்தை. கீழே அர்த்தம் எழுதியிருக்காது, ஓர் ஆள் எழுதியிருக்கும்.

ஷஃபிள் என்ற பக்கத்தில், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் விற்கும் பெரியவர், செருப்பு தரையை விட்டு எழும்பாது. ஸ்ட்ரட் என்ற பக்கத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முட்லூரில் ஏறும் டிக்கெட் பரிசோதகர். ஸ்ட்ரோல் என்றால் சாயங்காலம் நாலு தேர் வீதியையும் சுற்றி வருகிற ரிட்டயர் ஆன தம்பதி, கணவர் முன்னால், அந்த அம்மா நாலடி பின்னால். வேட் என்பதற்குக் கிள்ளைக் கழியில் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவும் பெண்கள். 'காலைத் தூக்கினால் நகராது, தள்ளினால்தான் நகரும்' என்று ஒரு குறிப்பு. டிரிஃப்ட் என்ற பக்கத்தில், பிச்சாவரத்தில் துடுப்பை மேலே எடுத்துவிட்ட படகு. அதற்குக் கீழே வேறு மையில்: 'மாமியார் வீட்டில் என் தம்பி.'

"ஏங்க இப்படி? சின்ன வயசுல ஏதாவது நடந்துச்சா?" என்று ஒரு நாள் கேட்டேன். வக்கீல் புத்தி, எதற்கும் ஒரு காரணம் வேண்டும்.

"ஒண்ணும் நடக்கல மேடம். நல்லா இருக்கேன்" என்றார். "நீங்க ஜன்னலை மறைக்கிறீங்க, கொஞ்சம் தள்ளிக்குங்க."

இந்தப் பழக்கம் எல்லா நேரமும் சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு தரம் என் குமாஸ்தாவிடம், "அண்ணே, ஒரு மாசமா உங்க இடது கால் கொஞ்சம் பிந்தி வருது" என்றார். அவர் முறைத்துவிட்டுப் போனார். வீட்டில் காலைத் திருப்பிப் பார்த்தால் உள்ளங்காலில் ஒரு புண், சர்க்கரை ஜாஸ்தியாகி வலியே தெரியாமல் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு குமாஸ்தா அவர் எதிரில் நடப்பதைத் தவிர்த்தார். எனக்கும் அப்படி ஒரு கூச்சம் இருந்தது, வெளியில் சொன்னதில்லை.

இன்னொரு நாள் புவனகிரியிலிருந்து ஒருவர் வந்தார். மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீடு போய் ஆறு மாதம், சேர்ந்து வாழ உத்தரவு கேட்டு மனு போட வேண்டும் என்றார். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

"மூணு தடவை போய்க் கூப்பிட்டேன் மேடம். வர மாட்டேன்னுட்டா."

மூலையில் எழுதிக்கொண்டிருந்த டிரான்ஸ்லேஷன் மேடத்திடமிருந்து குரல் வந்தது. "எப்படிப் போனீங்க சார்?"

"கார்லதாங்க."

"வாசல்ல எறங்கினீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

"ஹாரன் அடிச்சேன்" என்றார்.

"மூணு தடவையும் ஹாரன்தானா சார்?"

அந்த ஆள் மனுப் போடாமலே எழுந்து போனார். திரும்பி வரவும் இல்லை. மனைவி வந்தாளா, இல்லை இவர் வேறு வக்கீலிடம் போனாரா, தெரியாது. எனக்கு ஒரு கேஸ் போயிற்று என்று அன்று முழுக்க டிரான்ஸ்லேஷன் மேடத்திடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு அது பெரிதாகப் பட்டதாகவே தெரியவில்லை, சாப்பாட்டுக்கு அப்பளம் கொண்டு வந்திருக்கிறேன் வேண்டுமா என்று கேட்டார்.

இனிமேல் சொல்வது கிள்ளை வழக்கு. இதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

என் கட்சிக்காரன் ஐஸ் சுமப்பவன். முப்பது வயது இருக்கும். ஒரு நாள் காலை கிள்ளையில் ஒரு டீக்கடை வாசலில், வழியை மறித்து நின்ற ஒருவரைக் கையால் தள்ளிவிட்டுப் போனான். அவர் மதகுக் கட்டையில் தலை அடிபட விழுந்தார். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பழைய வாய்த்தகராறு ஒன்று இருந்தது, ஆக வேண்டுமென்றே தள்ளினான் என்று வழக்கு. கீழ்க்கோர்ட்டில் வாதாடியவள் நான்தான். ஏழு வருடம் தண்டனை ஆனது. அப்பீல் முடியும் வரை தண்டனையை நிறுத்தி வெளியில் விடச் சொல்லி மேல் கோர்ட்டில் மனுப் போட்டோம். அவன் மனைவி புவனகிரியில் ஒரு தையல் கடையில் வேலை செய்தாள். இரண்டு வருடமாக மாதம் ஒரு தரமாவது என்னைப் பார்க்க வருவாள்.

மனு தள்ளுபடி ஆயிற்று. சென்னையில் எங்களுக்காக நின்ற சீனியர் போனில் கத்தினார்.

"யாரும்மா இந்த டிரான்ஸ்லேஷன் பண்ணது? மீன் விக்கிற அம்மாவோட சாட்சியத்துல 'சான்டர்'னு போட்டிருக்கான். கீழ விழுந்து கெடக்கிற ஆளை விட்டுட்டு உல்லாசமா உலாத்திகிட்டுப் போனான்னு அர்த்தம். ஜட்ஜ் அந்த ஒரு வார்த்தையையே பிடிச்சுக்கிட்டார். இரக்கமே இல்லாதவன்னு எழுதிட்டார்."

அந்த மொழிபெயர்ப்பு அவர் செய்தது அல்ல. அவரிடம் கொடுத்தால் எப்படிப் போனான், எப்படி வந்தான் என்று இரண்டு வாரம் இழுப்பார் என்று அவசரத்துக்குச் சென்னையில் ஒரு டைப்பிங் கடையில் கொடுத்தேன். நான் எடுத்த முடிவு.

இப்போது மறுபடி மனுப் போட வேண்டும், புது மொழிபெயர்ப்போடு. மீன்காரம்மாவின் சாட்சியத்தை மட்டும் எடுத்து அவரிடம் கொடுத்தேன். தமிழில் அந்தம்மா சொன்னது இவ்வளவுதான்: "தள்ளிட்டு அவன் பாட்டுக்குப் போனான்."

"கட்டு மொத்தமும் குடுங்க மேடம்" என்றார்.

"இந்த ஒரு சாட்சியம்தாங்க வேணும்."

"அவரு எப்படிப் போனாருன்னு தெரியணும்னா கையில என்ன இருந்துச்சுன்னு தெரியணும். கால்ல என்ன இருந்துச்சுன்னு தெரியணும். குடுங்க."

கொடுத்தேன். மூன்று நாள் படித்தார். நான்காவது நாள் காலையில் நான் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலை மறித்து நின்றார்.

"மேடம், இவரு தலையில ஐஸ் பெட்டி இருந்துச்சா?"

"எப்ப?"

"தள்ளினப்ப."

எனக்குத் தெரியவில்லை. என் வழக்கு, நான் நடத்திய விசாரணை. எனக்குத் தெரியவில்லை.

காகிதத்தைக் காட்டினார். டீ மாஸ்டரின் சாட்சியம். சம்பவ இடத்தைப் போலீஸ் வரைந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டதைச் சொல்ல வந்த சாதாரண சாட்சி. போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்: 'சும்மாடு கட்டி ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான்.' அதற்குக் கீழே ஒரு வரி: 'குறுக்கு விசாரணை இல்லை.'

தலையில் ஐஸ் பெட்டி இருந்தால் ஒரு கை அதைப் பிடித்திருக்கும். வேகமாகத் தள்ளினால் பெட்டி சரியும். ஆக, மறித்து நின்றவரை மிஞ்சிய கையால் ஒதுக்கியிருக்கிறான். பாரத்தோடு கழுத்தைத் திருப்ப முடியாது, விழுந்ததைப் பார்த்திருக்க மாட்டான். வழக்கே வேறாகிவிட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி எழுந்தேன்.

"அப்ப 'ட்ரட்ஜ்'னு போடுங்க" என்றேன். பாரத்தோடு கால் கனக்க நடப்பதற்கு அதுதான் வார்த்தை, அவரிடம் கற்றதுதான்.

"போட முடியாது மேடம்."

"ஏன்? பெட்டிதான் இருந்துச்சே!"

"பெட்டி டீ மாஸ்டர் சொன்னது. அவரு சாட்சியத்தையும் எழுதிட்டேன், பெட்டி, சும்மாடு எல்லாம் அங்க இருக்கு. மீன்காரம்மா பெட்டியைப் பத்திச் சொல்லல. அவுங்க வாயில நான் பெட்டியை வெக்க மாட்டேன்."

"ஆளு ஒண்ணு, நடை ஒண்ணுதானேங்க?"

"நடை ஒண்ணுதான். பாத்தவங்க ரெண்டு பேரு."

"சரி, விழுந்தது தெரியாமப் போனான்னாவது போடுங்க. அவன் பாட்டுக்குன்னா அப்படித்தானே?"

"அவருக்குத் தெரிஞ்சுதா இல்லியான்னு அந்தம்மா சொல்லலியே மேடம். நான் காலைப் பத்தி எழுதறவ. மனசைப் பத்தி எழுத நீங்க இருக்கீங்க, ஜட்ஜ் இருக்காரு."

எழுதி முடித்த தாளை நீட்டினார். 'ஹி வென்ட் ஆன் ஹிஸ் வே.' அவன் தன் வழியே போனான். வென்ட்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஏழு வருஷமா வென்ட்னு எழுத மாட்டேன்னு எங்க உசிரை வாங்கினீங்க. ஒரு மனுஷன் ஜெயில்ல கெடக்கான், இன்னிக்குப் பாத்து உங்களுக்கு வென்ட்டா? வேற ஆளு வெச்சு நான் மாத்திக்கிறேன்."

"மாத்துங்க மேடம். கீழ என் கையெழுத்து இருக்காது, அவ்வளவுதான்." குரல் உயரவே இல்லை. "இத்தினி நாளும் பேப்பர்ல வேற பக்கத்துலனாலும் அதே சாட்சி சொல்லியிருப்பாங்க, நான் தேடி எடுத்தேன். இந்தம்மா சொல்லல." கொஞ்சம் தயங்கினார். "நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க."

'அவன் தலையில் என்ன இருந்தது அம்மா?' ஒரே கேள்வி. மீன்காரம்மாவிடமும் கேட்கவில்லை, டீ மாஸ்டரிடமும் கேட்கவில்லை. நான் கேட்காமல் விட்டதை ஓர் ஆங்கில வார்த்தையை வைத்து மூடப் பார்த்தேன். அவர் மூட விடவில்லை.

தாளில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. சீனியருக்குப் போன் போட்டுப் பெட்டியைச் சொன்னேன். குறுக்கு விசாரணையில் இதைக் கேட்காமல் விட்டது என் தவறு, அதையும் மனுவில் எழுதுங்கள் என்றேன்.

"உன் பேருக்குக் கெட்டதும்மா, யோசிச்சுக்கோ" என்றார்.

"யோசிச்சுட்டேன் சார்."

தவறை ஒப்புக்கொள்வதில் ஒரு தைரியம் வருகிறது, அதை நான் மறுக்க மாட்டேன். சென்னைக்குப் போகிற மனுவில் ஒப்புக்கொண்டேன். மாதாமாதம் என் எதிரில் வந்து நின்றவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை. அது வேறு சங்கதியாக இருந்தது.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. மீன்காரம்மா சொன்னது ஓரிடத்தில், டீ மாஸ்டர் சொன்னது ஓரிடத்தில். இரண்டையும் அருகருகே வைத்துச் சீனியர் வாதாடியதை ஏற்றுக்கொண்டு, தண்டனையை நிறுத்தி அவனை வெளியில் விடச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து அவன் மனைவி என் அலுவலகத்துக்கு வந்தாள். மூலையில் டிரான்ஸ்லேஷன் மேடம் வேறு ஏதோ கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயங்காலம் வூட்டுக்கு வந்துட்டாரு மேடம்" என்றாள். ஒரு பை நிறைய இறாலும், ஸ்வீட் பாக்கெட் ஒன்றும் மேசையில் வைத்தாள். "உங்களாலதான் மேடம். நீங்க இல்லன்னா நாங்க என்னா ஆயிருப்போம்."

வாங்கிக்கொண்டு சிரித்திருக்கலாம். மூலையில் தாள் புரளும் சத்தம் நின்றுவிட்டது. அவர் தலை நிமிரவில்லை.

"என்னால இல்லம்மா" என்றேன். "உன் வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் உள்ள இருந்ததுக்கு நானும் ஒரு காரணம். தலையில பெட்டி இருந்ததை நான் கேட்டிருக்கணும். டீ மாஸ்டர் சாட்சி சொன்ன அன்னிக்கே கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன். பெட்டியைக் கண்டுபிடிச்சது அந்த மேடம்."

அவள் அழுவாள், கத்துவாள், இல்லை ஒன்றும் புரியாமல் விழிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"தெரியும் மேடம்."

"எது தெரியும்?"

"நீங்க கேக்கலன்னு அன்னிக்கே தெரியும். கூண்டுலேர்ந்து எங்க வூட்டுக்காரரு கையைத் தூக்கினாரு, பெட்டியைப் பத்திக் கேக்கச் சொல்லி. நீங்க அதுக்குள்ள பேப்பரெல்லாம் எடுத்துகிட்டு அடுத்த கோர்ட்டுக்குக் கெளம்பிட்டீங்க. நான் உங்க பின்னாலயே ஓடியாந்தேன். படி வரைக்கும் ஓடியாந்தேன் மேடம். மேடம், மேடம்னு கூப்பிட்டேன். நீங்க போய்கினே இருந்தீங்க."

"அப்புறமா சொல்லியிருக்கலாமேம்மா. ரெண்டு வருஷமா வந்துகிட்டிருக்கே."

"ஒவ்வொரு தபாவும் சொல்லணும்னுதான் வருவேன்" என்றாள். "நீங்க நின்னுகினேதான் பேசுவீங்க."

உட்காரம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டிரான்ஸ்லேஷன் மேடம் எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பின்னால் போட்டிருந்தார். அவள் அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். இரண்டு வருடத்தில் அந்தப் பெண் என் அலுவலகத்தில் உட்கார்ந்தது அன்றுதான்.